தீனி போடாத சிரிஞ்சு

ஆய்வுக்கூடத்து வெந்நீர்த் தொட்டியில் மூன்று கண்ணாடி சிரிஞ்சுகள் நின்றன. மூன்றிலும் மாட்டின் இரைப்பைச் சாறு. ஒன்றில் மக்காச்சோளம் போட்டிருந்தார்கள், இன்னொன்றில் வைக்கோல். மூன்றாவதில் தீனியே இல்லை. தீனி புளித்து வாயு கிளம்ப, தண்டுகள் மேலே ஏறின. எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு நல்ல தீனி என்பது கணக்கு. வெறும் சாற்றிலும் கொஞ்சம் வாயு உண்டு என்பதால், மூன்றாவதும் லேசாக ஏறியது.

"வெறும் வயித்துக்காரருக்கு ஏப்பத்தைப் பாரு!" என்றது மக்காச்சோளம்.

வைக்கோல் சிரிக்கவில்லை. "அண்ணே, நீங்க ஏறுற அளவை எங்க கணக்குல கழிச்சிடுறாங்க. எனக்கு வர்றதே கொஞ்சம். அதுவும் போனா என்னைத் தீனியே இல்லைன்னு தள்ளிடுவாங்க. இந்த ஒரு தடவை ஏறாம இருங்கண்ணே."

எப்போதும் கழிக்கப்படுவதற்காகவே ஏறி ஏறி மூன்றாவதற்கும் அலுத்திருந்தது. "சரிடா" என்று ஏறியிருந்த தண்டைக் கீழே இழுத்து இறுகப் பிடித்துக்கொண்டது.

ஆய்வாளர் செண்பகவல்லி வந்ததும் அதைத்தான் முதலில் பார்த்தார். கொஞ்சமும் ஏறவில்லை.

"சாறே செத்துப்போச்சு போல. இன்னைக்கு எதையும் நம்ப முடியாது" என்று, மற்ற இரண்டையும் பார்க்காமலே எல்லாவற்றையும் சிங்க்கில் கொட்டினார்.

வழிந்து போகும்போது வைக்கோல் கேட்டது: "அண்ணே, நான் எவ்வளவு ஏறியிருந்தேன்?"

"பார்க்கலையேடா. கண்ணை மூடிப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்."