பெற்ற தாய்க்கும் தெரியாத இடம்

காபி இடைவேளை முடிந்து, எங்கள் துப்பாக்கிப் பயிற்சி வாத்தியார் ராய்ஸ் கழிப்பறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வகுப்புக்கு வந்தார்.

"துப்பாக்கிய உடம்புல மறைச்சு வைக்கிறதுன்னா பெத்த தாய்க்கும் தெரியக் கூடாது. என் துப்பாக்கி எங்க இருக்கு, சொல்லுங்க பாப்போம்."

"வயித்துக்கு முன்னால," என்றாள் என்னோடு படிக்கும் ட்வைலா.

"சட்டுனு எடுக்கலாம். தவறி வெடிச்சா வம்சமே போச்சு. அங்க இல்ல."

"முதுகுப் பக்கம்?" என்றேன்.

"காருல ஒரு மணி நேரம் சாஞ்சு உக்காந்து பாரு, அப்பறம் சொல்லு."

"அக்குள்ல?"

"கோட்டுப் போட்டாதான் மறையும். டெக்சாஸ் வெயில்ல கோட்டுப் போட்டவனப் பாத்தா நாய்கூட சந்தேகப்படும்."

"கணுக்கால்ல?"

"திருடன் வந்தா, 'கொஞ்சம் இருப்பா, குனிஞ்சு எடுத்துக்கறேன்'னு சொல்லுவியா?"

எட்டுப் பேரும் தோற்றோம். ராய்ஸுக்குப் பெருமை தாங்கவில்லை.

"வலது இடுப்பு. ஒருத்தருக்காவது தெரிஞ்சுதா? அதான்யா வித்தை," என்று சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

இடுப்பில் காலி உறை மட்டும் இருந்தது.

அப்போது துப்புரவு வேலை பார்க்கும் ஒஃபீலியா, துண்டில் எதையோ பொதிந்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"கக்கூஸ் தண்ணித் தொட்டி மேல இருந்துச்சு, ராய்ஸு. இந்த இடத்துல என்ன வசதி, என்ன தொந்தரவுன்னு புள்ளைங்களுக்குச் சொல்லிட்டியா?"