சிவப்புத் துணி கட்டிய நாற்காலி

சிவப்புத் துணி கட்டிய நாற்காலி தூண்களைத் தாண்டி மேலே வந்துகொண்டிருந்தது. அதுதான் கடைசி. இந்தக் குளிர்காலத்துக்கே கடைசி.

சைக்கால் அறைக்கு வெளியே வந்து நின்றாள். பனிச்சறுக்கு மலையில், கம்பியில் நாற்காலிகள் தொங்கியபடி ஏறியிறங்கும் லிஃப்டை உச்சியில் நின்று பார்த்துக்கொள்வது அவள் வேலை. அடிவாரத்தில் எர்மெக்.

தினமும் சாயங்காலம் இதே வழக்கம்தான். சறுக்க வந்தவர்கள் எல்லோரும் ஏறி முடிந்ததும் அவன் ஒரு நாற்காலியில் சிவப்புத் துணியைக் கட்டி அனுப்புவான். அது வந்து சேர்ந்தால் பின்னால் ஆளில்லை என்று அர்த்தம். அவள் லிஃப்டை நிறுத்திவிட்டுப் போனில், "வந்தாச்சு, பின்னாடி யாருமில்ல" என்பாள்.

துணியோடு ஒரு பிளாஸ்க்கும் வரும். உப்புப் போட்ட பால் டீ. "மேல இருக்கிற மகாராணிக்கு" என்பான். அதை மார்போடு அணைத்துக்கொண்டுதான் அவள் மலையிறங்குவாள்.

ஜனவரியில் பனிப்புயலடித்த ஒருநாள் இருவரும் இந்த அறையில் மாட்டிக்கொண்டார்கள். அவள் காது மடலைத் தொட்டு அவன் சொன்னான். "சீசன் முடியட்டும். இதுல கம்மல் ஏறும்."

அவர்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண் கம்மல் போட்டுவிட்டால் கல்யாணம் நிச்சயமான மாதிரி. அவள் நம்பினாள். மாஸ்கோவில் வேலை பார்த்துவைத்த அண்ணனிடம் வரவில்லை என்றுவிட்டாள். கொழுத்த செம்மறியை விற்காதே, விருந்தாளிகள் வருவார்கள் என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா அந்த ஆட்டுக்கு ரொட்டி ஊட்டிக்கொண்டிருக்கிறாள்.

போன மாதம் காராகோல் சந்தையில் கம்மலைக்கூட அவளையே எடுக்கச் சொன்னான். பவளம் தொங்கும் வெள்ளிக் கம்மல். அவள் காதருகே பிடித்துப் பார்த்து, "எடுப்பா இருக்கு" என்றான். கடைக்காரியே சிரித்துவிட்டாள்.

நாற்காலி வந்து சேர்ந்தது. பிளாஸ்க். பக்கத்தில் சின்னதாக ஒரு துணி முடிச்சு.

பழக்கத்தில் கை தானாகவே லிஃப்டை நிறுத்தியது. அப்புறம்தான் பிளாஸ்க்கை மார்போடு இடுக்கிக்கொண்டு முடிச்சை அவிழ்த்தாள். பவளம்.

அவளுக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. கம்பளித் தொப்பியைக் கழற்றிவிட்டு வெறும் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

போன் அடித்தது.

"நிறுத்திட்டியா? ஐயோ, ஓட்டு, ஓட்டு. நாலஞ்சு நாற்காலிக்குப் பின்னால ஜிபெக் உக்காந்திருக்கா."

ஜிபெக் அடிவாரத்துச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிற பெண்.

"துணிக்குப் பின்னால ஆளை ஏத்தினியா? புத்தி இருக்கா உனக்கு?"

"அவளுக்குத் தெரியாம கம்மல் முன்னால வந்து சேரணும்னுதான். ஏரியை ஒருதடவ மேலருந்து பாத்துட்டு வான்னு ஏத்திவிட்டேன். எனக்கு அம்மா இல்ல, கூடப் பொறந்தவளும் இல்ல. எங்க வீட்டுப் பொம்பளையா நின்னு நீதான் அவ காதுல போட்டுவிடணும்." கொஞ்சம் நிறுத்தினான். "அக்கா."

குளிர்காலம் முழுக்க அவன் வாயில் வராத வார்த்தை. அவனைவிட அவள் ஒரு வயது மூத்தவள். அது இன்றுதான் அவனுக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

கெட்டிக்காரன். கம்மல் போட்டுவிட்டவள் அப்புறம் வாய் திறக்க முடியாது. ஊருக்கும் உறவுக்கும் அவள் மாப்பிள்ளையின் அக்கா, சாகும்வரை. கழுத்தை அறுக்கிற பாவி, கத்தியையும் அவளையே பார்த்து எடுக்கச் சொல்லியிருக்கிறான்.

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். பள்ளத்தாக்குக்கு மேலே, காற்றில் ஆடுகிற நாற்காலியிலிருந்து ஜிபெக் கையசைத்துக்கொண்டிருந்தாள். பயந்தவளாகவே தெரியவில்லை.

அப்படியே தொங்கட்டும் என்று சைக்காலுக்குத் தோன்றியது. தோன்றியதென்னவோ உண்மைதான்.

பிறகு லிஃப்டை ஓட்டினாள்.

ஜிபெக் குதித்திறங்கி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அக்கா, டீ சூடா இருக்கா? தினமும் நான்தான் ஊத்திக் குடுப்பேன். மேல அக்கா தனியா குளிர்ல நிக்குது, பால் நல்லா விட்டுக் குடும்பார்."

சைக்கால் பிளாஸ்க்கை மார்பிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"காதைக் காட்டு."

ஒரு கம்மலை ஜிபெக்கின் வலது காதில் போட்டாள். கண்ணாடி ஜன்னலில் அதைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துபோயிற்று. தலையைத் திருப்பி மற்றக் காதைக் காட்டினாள்.

சைக்கால் இரண்டாவது கம்மலைத் தன் காதில் மாட்டிக்கொண்டாள்.

விளையாட்டு என்று நினைத்து ஜிபெக் சிரித்தாள். சைக்கால் சிரிக்கவில்லை. திருகாணி போக மாட்டேன் என்றது, அழுத்தித் திருகினாள். ஜிபெக் அவள் காதையும் பிளாஸ்க்கையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

"உங்ககிட்டயும் சீசன் முடியட்டும்னாரா?"

சைக்கால் தலையாட்டினாள்.

போன் மறுபடி அடித்தது. ஜிபெக்தான் எடுத்தாள்.

"போட்டாச்சு," என்றாள். "லிஃப்டை நிறுத்தாதீங்க. நாங்க கீழ வர்றோம்."

மேலே ஆளில்லாமல் லிஃப்ட் ஓடக் கூடாது. இன்று ஓடட்டும். சைக்கால் சிவப்புத் துணியை அவிழ்த்தெடுத்து, இறங்குகிற நாற்காலி ஒன்றில் கட்டினாள். அதிலேயே இருவரும் ஒட்டி உட்கார்ந்தார்கள். ஜிபெக்கின் பல் குளிரில் தந்தியடித்துக்கொண்டிருந்தது. சைக்கால் தன் தொப்பியை அவள் தலையில் வைத்து, கம்மல் தெரியும்படி இழுத்துவிட்டாள்.

தூரத்தில் எர்மெக் அடிவாரத்து மேடையில் நின்று, துணி கட்டிய நாற்காலி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பின்னால் யாரும் இல்லை.