களைப்புக்கு ஒரே டெஸ்ட்

"மனுஷியா நீ? ஊசியைக் குத்தி ரத்தத்தை உறிஞ்சத் தெரியுதில்ல? உடம்புல ரத்தம் இருக்கான்னு பார்க்கத் தெரியாதா?"

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த வேகத்திலேயே அந்த ஆள் ஆரம்பித்துவிட்டார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் கார் சாவி. கிளினிக்கில் காத்திருந்தவர்கள் செல்போனை விட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். ஓசியில் சண்டை பார்க்கக் கிடைத்தால் எந்த நோயாளிக்குத்தான் வலி தெரியும்?

நர்ஸ் பதறி எழுந்தாள். "யாருக்கு சார்? என்ன ஆச்சு?"

"என் சம்சாரத்துக்கு! ஒரே களைப்பா இருக்கு, படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு மூணு தடவை வந்தா. ஸ்கூல் டீச்சர். ஞாபகம் இருக்கா, இல்ல அதையும் மறந்துட்டியா?"

நன்றாகவே ஞாபகம் இருந்தது. ரத்தம் எடுத்ததும், "வலிக்கவே இல்லம்மா, நல்ல கை உனக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிற அம்மாள். அப்படிச் சொல்லுகிறவர்கள் ஊரில் எத்தனை பேர்?

"மூணு தடவையும் என்ன டெஸ்ட் எடுத்தே?"

"விட்டமின் டி சார்."

"கேட்டுக்குங்க எல்லாரும்! முதல் தடவை, குறைஞ்சிருக்குன்னு சொல்ல ஒரு டெஸ்ட். ரெண்டாவது தடவை, ஏறிச்சான்னு பார்க்க ஒரு டெஸ்ட். மூணாவது தடவை, ஏறினது இறங்கிடுச்சான்னு ஒரு டெஸ்ட். அது என்ன விட்டமினா, பங்குச் சந்தையா? நேத்து ஸ்கூல் மாடிப்படியில மயங்கி உருண்டுட்டா. வயித்துல புண்ணு வந்து, மாசக்கணக்கா உள்ளேயே ரத்தம் கசிஞ்சிருக்கு. இருக்க வேண்டியதுல பாதி ரத்தம்கூட உடம்புல இல்லையாம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஆளே போயிருப்பா!"

"ஐயோ... இப்ப எப்படி இருக்காங்க சார்?"

"பொழைச்சுட்டா. உங்க புண்ணியத்துல இல்ல!"

டாக்டர் அறையின் கதவு லேசாகத் திறந்தது. சத்தத்தைக் கேட்டதும் பழையபடி மூடிக்கொண்டது. கெட்டிக்கார மனுஷர்!

இந்தக் கிளினிக்கின் வழக்கமே அதுதான். களைப்பு என்று யார் வந்தாலும், டாக்டர் பார்ப்பதற்கு முன்பே நர்ஸ் டி டெஸ்டுக்கு ரத்தம் எடுத்து லேப் கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டும். யாருக்கு எடுத்தாலும் அநேகமாகக் குறைவாகத்தான் வரும். குறை கிடைத்ததா, மாத்திரை எழுதியாயிற்றா, அடுத்த ஆளைக் கூப்பிடு! வந்தவரும், 'அப்பாடா, என்னன்னு கண்டுபிடிச்சுட்டாங்க' என்று நிம்மதியாகக் கிளம்பிவிடுவார். அதற்கப்புறம் வேறு வியாதியை யார் தேடப் போகிறார்கள்?

மேனேஜர் ஓடி வந்தார். "சார், சார், உக்காருங்க. தண்ணி குடிங்க."

"தண்ணி வேண்டாம்யா! இவளை என்ன பண்ணப் போறே, அதைச் சொல்லு."

"இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிடறேன் சார்."

"நானா?" நர்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டெஸ்டை நானா முடிவு பண்றேன்? அப்படித்தான் எடுக்கணும்னு நீங்கதானே சார் தினமும் சொல்றீங்க?"

"வாயை மூடு! முதல்ல சார்கிட்ட மன்னிப்புக் கேளு. அப்புறம் பையை எடுத்துட்டுக் கிளம்பு."

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. புருஷனுக்கு வேலை போய் வீட்டோடு இருக்கிறான். இதுவும் போனால் அடுப்பில் பூனைதான் தூங்கும். அதைவிடப் பெரிய எரிச்சல் வேறு. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறவரை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே! எய்தவன் இருக்க அம்பை நோவதில்தான் இந்த உலகத்துக்கு எத்தனை ஆசை!

"என்ன முழிக்கிறே?" அந்த ஆள் மேஜையை ஒரு தட்டுத் தட்டி, அவள் முகத்துக்கு நேரே ஆள்காட்டி விரலை ஆட்டினார். "அழுதா சரியாயிடுமா? பதில் சொல்லு!"

ஆடுகிற விரலைப் பார்த்தாள். விரலுக்கு அந்தப் பக்கம் இருந்த முகத்தைப் பார்த்தாள். சட்டென்று அவள் அழுகை நின்றுவிட்டது.

"சொல்றேன் சார். மூணாவது தடவை வந்தப்ப அம்மா முகமே வெளுத்துப் போயிருந்துச்சு. என் மனசு கேக்கல. ஆனாலும் எனக்குச் சொல்லிக்கொடுத்தபடி டிக்குத்தான் எடுத்தேன். அந்தத் தப்பு என்னோடதுதான். இல்லேன்னு சொல்லல."

"சொல்லிக்கொடுத்தபடியா? எந்த மடையன்டி உனக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தான்? கொண்டாந்து என் முன்னால நிறுத்து, பல்லைத் தட்டிக் கையில கொடுக்கிறேன்!"

"நிறுத்த வேண்டாம் சார், அவர் நின்னுட்டுத்தான் இருக்கார்," என்றாள் நர்ஸ். "போன வருஷம் லேப் கம்பெனி எங்க எல்லாருக்கும் பயிற்சி வச்சப்ப, 'களைப்புன்னு வந்தா ஒரு கேள்வியும் கேக்காதீங்க, முதல்ல டி எடுங்க, கேள்வி கேட்டா நம்ம வியாபாரம் படுத்துடும்'னு மேடையில நின்னு இதே மாதிரி விரலை ஆட்டிச் சொல்லிக்கொடுத்தது நீங்கதானே சார்!"