எல்லாருக்கும் தெரியும்படி

“இந்த உலக உருண்டை இருக்குல்ல, இதைத் தொட்டுட்டு எழுதினா எல்லாருக்கும் தெரியும். புரியுதா, மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமா?” என்றான் அனிபால்.

“எல்லாருக்கும்னா? உங்க அம்மாவுக்குமா?” நார்சிசா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

“அம்மா, ஃபாஸ்தோ, பாதிரியார், அலௌசி ஊர் மொத்தத்துக்கும் தெரியும். மணிக்கூண்டுல ஏறி நின்னு கத்துற மாதிரி.”

ஃபேஸ்புக்கைத் தானே கண்டுபிடித்தது போலத்தான் அனிபால் பேசுவான். இரும்புக் கடையில் ஆணி விற்ற நேரம் போக, மீதி நேரம் அதில்தான் குடியிருந்தான். மனைவி கற்றுக்கொடுக்கச் சொன்னதில் அவனுக்கு ஒரே குஷி. ரொட்டிக் கடைப் பேச்சு இதோடு ஒழிந்துவிடும் என்று நினைத்தான்.

அந்தப் பேச்சு ஒரு வருடமாக நடக்கிறது. குவாயாகில் நகரத்தில் தன் தங்கை ஆரம்பித்திருக்கும் ரொட்டிக் கடைக்குப் போகவேண்டும் என்பாள் நார்சிசா, இவன் விடமாட்டான். இரண்டு முறை அவள் கிளம்பிப் பார்த்தாள். இரண்டு முறையும் மாமியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பாதிரியார் வீடு தேடி வந்து பிரசங்கம் வைத்தார். கல்யாணத்துக்குச் சாட்சியாக நின்ற ஃபாஸ்தோ, வாசலை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். ஊருக்கு அவள்மேல் அத்தனை பாசம்.

“லைக் எங்கங்க இருக்கு?”

“இந்தக் கட்டைவிரல். அழுத்திப் பிடிச்சா இதயம், அழுகை, சிரிப்பு எல்லாம் வரும். உனக்கு எங்க வரப்போகுது! முதல்ல ஒரு போட்டோ போடு. கையில கரண்டி இல்லாம ஒண்ணாவது இருக்கா?”

“தேடிப் பாக்கறேன். என்ன எழுதறது?”

“உன் மனசுல என்ன இருக்குன்னு அதுவே கேக்குது பாரு. அதுக்குப் பதில் எழுது, போதும்.”

நார்சிசா அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்த வீட்டில் யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. அனிபால் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனான்.

மதியம் ஃபாஸ்தோ மூச்சு வாங்கக் கடைக்கு ஓடிவந்து போனை நீட்டினான்.

“என்னய்யா இது?”

நார்சிசாவின் முதல் பதிவு: ‘நான் அனிபாலை விட்டுப் போகிறேன். இனி குவாயாகிலில் தங்கையோடு ரொட்டி சுடுவேன். மதிய பஸ்ஸில் கிளம்புகிறேன். தடுக்க நினைப்பவர்கள் பஸ் நிலையத்துக்கு வரலாம்.’

அனிபாலின் முகம் வெளுத்தது. பிறகு, விழுந்து விழுந்து சிரித்தான்.

“யோவ், இன்னிக்கு டிசம்பர் இருபத்தெட்டு! அப்பாவிகள் தினம்! காலையில நீதானே எனக்கு உப்புப் போட்ட காபியைக் குடுத்துட்டு, அப்பாவி அப்பாவின்னு கத்தின?”

ஃபாஸ்தோ தலையில் அடித்துக்கொண்டான். ஊரே ஊரை ஏமாற்றும் நாள் அது. அன்றைக்கு எதையாவது நம்பித் தொலைத்தவனை ஊர் லேசில் விடாது.

“நல்லவேளை, பஸ் ஸ்டாண்டுக்கு ஓட இருந்தேன். மானம் போயிருக்கும். உன் பொண்டாட்டி கெட்டிக்காரிதான்யா!”

“சொல்லிக்குடுத்தது யாரு?” அனிபால் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

பதிவின் கீழே மாமியார் சிரிப்பு முகம் போட்டிருந்தார். பாதிரியார், ‘ஹா ஹா, ஆசீர்வாதம் மகளே’ என்று எழுதியிருந்தார். அனிபாலும் தன் பங்குக்கு, ‘போய்ட்டு வா, எனக்கும் ரெண்டு ரொட்டி அனுப்பு’ என்று எழுதினான். அதற்கு நாற்பது லைக் விழுந்தது.

மாலையில் அனிபால் திரும்பியபோது வீடு இருட்டாகக் கிடந்தது. “ஒளிஞ்சது போதும், வா நார்சி” என்று அறை அறையாகத் தேடிவிட்டுப் போன் செய்தான்.

“எங்க இருக்கே?”

“குவாயாகில்லங்க. இப்பதான் வந்து இறங்கினேன்.”

“போதும் விளையாட்டு. இன்னிக்கு அப்பாவிகள் தினம்னு எனக்கும் தெரியும்.”

“தெரியுங்க, அதான் நாள் பாத்து எழுதினேன்” என்றாள் நார்சிசா. “வருஷத்துல இன்னிக்கு ஒரு நாள்தான், நான் உண்மையையே சொன்னாலும் ஒருத்தரும் தடுக்க வரமாட்டீங்க.”