ஒரு மூடி மருந்து

விமான நிலையத்தில் பைகளைச் சோதிக்கும் காவலர் அந்தச் சின்னப் புட்டியை எடுத்து வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தார். அடியில் இரண்டு மூடி அளவுதான் கிடந்தது. "புள்ளையோட வலிப்பு மருந்து சார்," என்றாள் ஜெசிந்தா. ஏழு மாதக் குழந்தை அவள் இடுப்பில் தூங்கி வழிந்தது. "இப்ப ஒரு மூடி, ராத்திரிக்கு ஒரு மூடி. அங்க போய் இறங்கினாத்தான் அடுத்த புட்டி." டாக்டர் சீட்டை அவர் இரண்டு முறை படித்தார். "சீட்டு சரிதாம்மா. உள்ள இருக்கறது மருந்துதான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்களே ஒரு மூடி குடிச்சுக் காட்டுங்க. எல்லாருக்கும் இதான் ரூல்." பின்னால் நின்றவர்கள் தட்டுகளை இடித்து நகர்த்தினார்கள். அவள் ஒரு மூடி ஊற்றி வாயில் விட்டுக்கொண்டாள். விழுங்கவில்லை. நாக்கைக் குழித்து மருந்தைத் தேக்கிக்கொண்டு, தொண்டையை மட்டும் ஒருமுறை அசைத்துக் காட்டினாள். இந்த இடத்தைத் தாண்டிவிட்டால் திரும்ப மூடியில் துப்பிக்கொள்ளலாம். எச்சில் கலந்திருக்கும், பெற்றவளின் எச்சில்தானே. காவலரின் முகம் இப்போது கனிந்துவிட்டது. "பாப்பா பேர் என்ன?" என்றார். அவள் உதடுகளை இறுக்கிக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள். "பேரைக்கூடச் சொல்ல மாட்டீங்களா?" அப்போதுதான் குழந்தை கண் திறந்தது. அதன் இடது கை மெல்ல உயர்ந்து, ஒரே சீராக வெட்டி வெட்டி ஆடத் தொடங்கியது. அது எதன் தொடக்கம் என்று, எத்தனையோ முறை அந்த உதறலைத் தாங்கிய அவள் விலா எலும்புக்குத் தெரியும். "அட, பாப்பா டாட்டா காட்டுதே!" என்று காவலர் தன் கையையும் தூக்கினார். குழந்தை நிறுத்தும்வரை தானும் நிறுத்துவதில்லை என்பதுபோல் ஆட்டிக்கொண்டே இருந்தார்.