அழாத பால்வாடி

"உங்க மேல ஒரு புகார் வந்திருக்கு, செல்வராணி. பிள்ளைங்களுக்கு ஏதோ மருந்து குடுத்து அமர்த்தி வைக்கிறீங்களாம்."

மேற்பார்வையாளர் இலக்கியா வாசலில் நின்றபடியே சொன்னார். பால்வாடி டீச்சர் செல்வராணி பெருக்கிக்கொண்டிருந்த விளக்குமாற்றைக் கீழே போட்டாள். ஒன்பது வருஷமாக இந்த ஊருக்கு டீச்சர் என்றால் அவள்தான். வேலை போனால்கூட எப்படியாவது பிழைத்துக்கொள்ளலாம். பச்சைப் பிள்ளைக்கு மருந்து கொடுத்தவள் என்று பேர் வாங்கிவிட்டால், நார்த்தாமலைப் பக்கம் எந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடப்பது?

இலக்கியா லேசுப்பட்டவர் இல்லை. வட்டாரத்தில் உள்ள அத்தனை டீச்சர்களுக்கும் பயிற்சி வகுப்பு எடுப்பவர். புதிதாகச் சேரும் குழந்தைகளைப் பழக்குவது எப்படி என்று மைக்கைப் பிடித்தால் சாப்பாட்டு நேரம் தாண்டியும் விடமாட்டார்.

"ஜூன் மாசம் எந்த மையத்துக்குப் போனாலும் அழுகைச் சத்தம் ரோட்டுக்குக் கேக்குது. இங்க மட்டும் ஒரு சத்தமும் இல்ல. இங்கேருந்து ஒண்ணாப்புக்குப் போற பிள்ளைகூட அங்க போய் அழறதில்லையாம். எப்படி?"

செல்வராணி வாயெடுத்தாள். இலக்கியா கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க சொல்ல வேணாம். நானே பாத்துக்கிறேன்." நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டு, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டார்.

முதலில் வந்தவள் கடலை பறிக்கப் போகும் அழகி. மகள் சுடர்விழி சேர்ந்து மூன்றாவது நாள்தான் ஆகிறது. வாசலைப் பார்த்ததுமே பிள்ளைக்கு உதடு பிதுங்கிவிட்டது. அழகி இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து மகளின் கையில் வைத்தாள்.

"தொலைச்சிராத தாயி. சாயந்திரம் வந்து வாங்கிக்கிறேன்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். பிதுங்கிய உதடு உள்ளே போனது. சுடர்விழி சாவியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, எங்கே உட்கார்ந்தால் பத்திரம் என்று சுற்றிலும் பார்த்து, சுவரோரமாக உட்கார்ந்தாள்.

அடுத்து கவியரசனின் அப்பா சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துக் கொடுத்தார். அன்புமொழியின் அம்மா டிபன் மூடியைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, சோற்றை வாழை இலையால் மூடிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். இப்படியே பதினான்கு பிள்ளைகளும் ஆளுக்கொரு சாமானோடு உள்ளே வந்தார்கள். ஒருத்தர் கண்ணிலும் ஒரு சொட்டு இல்லை.

பொம்மை கொடுத்தால் ஆகாதா என்று இலக்கியா கேட்டார். ஆகாது, பெத்தவங்களுக்கு நிஜமாகவே வேண்டிய சாமானாக இருக்க வேண்டும், சும்மா கொடுத்தால் பிள்ளை கண்டுபிடித்துவிடும் என்றாள் செல்வராணி. சாயந்திரம் வந்ததும் முதலில் சாமானைக் கேட்க வேண்டும், அதற்கப்புறம்தான் தூக்கிக் கொஞ்ச வேண்டும் என்பதும் அவள் போட்ட சட்டம்.

இலக்கியா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எழுதிக்கொண்டே இருந்தார். மருந்துப் பெட்டியைக் கொட்டிப் பார்த்தார். தண்ணீர்க் குடத்தை மோந்து பார்த்தார். சத்துமாவு உருண்டையைக்கூடப் பிய்த்து வாயில் போட்டுப் பார்த்தார். செல்வராணிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பிறகு ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு சுடர்விழியிடம் போனார். சாவியைக் கொடுத்தால் பிஸ்கட் தருவதாக ஆசை காட்டினார். பிள்ளை பிஸ்கட்டைப் பார்த்தது. எச்சிலை விழுங்கியது. சாவியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது.

"இது இல்லன்னா எங்கம்மா எப்படி வீட்டுக்குள்ள போகும்? பாவம், வெளியில நிக்கும்."

இலக்கியாவின் பேனா நின்றுவிட்டது. மூன்றரை வயது இருக்குமா இதற்கு? அம்மா இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று அழ வேண்டிய பிள்ளை, நான் இல்லாமல் அம்மா என்ன செய்யும் என்று கவலைப்படுகிறது. பிஸ்கட்டைப் பிள்ளையின் மடியிலேயே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மத்தியானம் பாய் விரித்துப் பிள்ளைகளைத் தூங்க வைத்தாள் செல்வராணி. வாய் பிளந்து, கால் பரப்பி, கண்டபடி உருண்டு கிடந்தார்கள். ஆனால் சாமான் இருந்த கை மட்டும் ஒருத்தருக்கும் பிரியவில்லை. இலக்கியா ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் குனிந்து குனிந்து பார்த்தார். கோயிலுக்குள் நடப்பதுபோல் மெதுவாக நடந்தார். இந்தச் சின்ன விரல்களுக்கு இவ்வளவு பிடி எங்கிருந்து வந்தது என்று அவருக்கு மலைப்பாக இருந்தது.

சாயந்திரம் முதல் ஆளாக ஓடி வந்தவள் அழகி. "என் சாமான் பத்திரமா இருக்கா?" என்றாள். சுடர்விழி எழுந்து நின்று, வியர்த்துக் கசகசத்த சாவியை நீட்டினாள். அந்த முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து செல்வராணிக்கே ஒரு நிமிஷம் புகார் மறந்துபோனது.

எல்லாரும் போனார்கள். இலக்கியா மட்டும் எழுந்திருக்கவில்லை. நடப்பது நடக்கட்டும் என்று அவர் எதிரில் போய் நின்றாள் செல்வராணி.

"மருந்து குடுத்தேன்னு என் மேல புகார் குடுத்தது யாருங்க மேடம்? அத மட்டும் சொல்லிருங்க."

இலக்கியா நோட்டை மூடினார்.

"புகாரே வரல, செல்வராணி. நானாத்தான் சொன்னேன், என்னைய மன்னிச்சிருங்க. ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிறவ உங்ககிட்ட வந்து கேக்க வெக்கமா இருந்துச்சு. என் மகன எல்.கே.ஜி.ல விட்டு பதினேழு நாளாச்சு, தெனமும் என் சேலையப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குறான்... நாளைக்குக் காலையில அவன் கையில நான் எதைக் குடுக்கட்டும்?"