விரித்து வைத்த நாற்காலி

நாற்காலி விரித்திருந்தது.

அதைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள். நிற்கக் கூடாது, மெல்ல நடந்துகொண்டாவது இருக்க வேண்டும் என்று தெரிந்தும் நின்றாள்.

ஏற்காட்டு மலையில் நூறு கிலோமீட்டர் ஓட்டம். எண்பது முடிந்திருந்தது. மிச்சத்தில் பெரும்பாதி ஏற்றம். பொழுது சாய்வதற்குள் போய்ச் சேராவிட்டால் இதுவரை ஓடியதெல்லாம் வீண்.

"உக்காரும்மா. கொஞ்ச நேரம்," என்றாள் மகள் மதிவதனி. முதல்முறையாக அம்மாவுக்குத் துணைக்கு வந்திருக்கிறாள். பாவம், காலையிலிருந்து ஸ்கூட்டரில் கூடவே வந்து முகம் வாடிக் கிடந்தது.

பச்சைக் கான்வாஸ் நாற்காலி. நடுவில் ஒரு குழி.

அவர் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த குழி.

எந்த ஊர் ஓட்டமானாலும் அவர்தான் அதைத் தூக்கிக்கொண்டு வருவார். அவளுக்கு ஒருமுறையும் கொடுத்ததில்லை. தான் மட்டும் ஜமீன்தார் மாதிரி சாய்ந்துகொண்டு முறுக்கு கடிப்பார். அவள் வந்து நின்றாலும் எழுந்திருக்க மாட்டார். அவளுடைய கருப்புச் சட்டையில் வியர்வை உப்பு எவ்வளவு பூத்திருக்கிறது என்று பார்ப்பார். அதற்குத் தக்கபடி வேகவைத்த உருளைக்கிழங்கை உப்பில் புரட்டி நீட்டுவார். தண்ணீர்கூட அவர் சொன்ன அளவுதான்.

பொண்டாட்டி செத்துச் சுண்ணாம்பாகி வந்து நிற்கிறாள். உட்கார் என்று ஒரு வார்த்தை வராது அந்த மனுஷனுக்கு.

"உக்காந்தீன்னா கால் பேச்சைக் கேக்காது. போ, போ."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த எரிச்சலிலேயே அடுத்த ஏற்றத்தை ஏறிவிடுவாள்.

போன மாசியில் அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு இதுதான் முதல் ஓட்டம்.

ஓட்டம் கிடக்கட்டும் என்றது மனசு. அந்தக் குழியில் ஒருதரம் உட்கார்ந்தால் போதும், அவர் மடியில் உட்கார்ந்த மாதிரி.

கைப்பிடியைப் பிடித்துக் குனிந்தாள்.

கான்வாஸ் மடிப்பில் ஒரு முறுக்குத் துணுக்கு ஒட்டிக் கிடந்தது.

அவள் நிமிர்ந்தாள்.

"நீ உக்காரு," என்றாள் மகளிடம்.

"எனக்கெதுக்கும்மா?"

"உக்காரு கண்ணு. நல்லாச் சாஞ்சு உக்காரு."

ஒன்றும் புரியாமல் மதிவதனி உட்கார்ந்தாள். அம்மா தானே ஒரு கிழங்கை எடுத்து உப்பில் புரட்டி வாயில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

வளைவில் திரும்பிப் பார்த்தாள். அங்கிருந்து மகளின் முகம் தெரியவில்லை. நாற்காலியில் யாரோ சாய்ந்திருப்பது மட்டும் தெரிந்தது.

பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு.

ஏற்றத்தில் ஓட ஆரம்பித்தாள்.